‘நைட் பஸ்’: ஒரு பத்திரிகைக் கதை நகைச்சுவைப் படமாக மாறிய வரலாறு

1920களிலும் 1930களிலும் அமெரிக்காவில் சிறுகதை ஒரு பெரும் வணிகச் சரக்காக இருந்தது. ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’, ‘காலியர்ஸ்’, ‘காஸ்மோபாலிட்டன்’ முதலிய வழவழப்பான தாளில் அச்சான பத்திரிகைகள் இதழ்தோறும் பல கதைகளை வெளியிட்டு, அவற்றை எழுதியவர்களுக்குத் தாராளமாகச் சன்மானம் கொடுத்ததோடு, அறியாமலே மற்றொரு தொழிலுக்கும் தீனி போட்டுக்கொண்டிருந்தன. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றும் கதைப்பிரிவு என்றொரு அலுவலகத்தை நடத்தின. அங்கே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட வாசகர்கள் அந்த மாதத்துப் பத்திரிகைகளைப் படித்து, படமாகக் கூடியவற்றின் சுருக்கத்தை எழுதித் தயாரிப்பாளர்களின் மேசைக்கு அனுப்பினார்கள். ஒலிப்படம் வந்த பிறகு இந்தப் பசி இன்னும் கூடியது. ஊமைப்படக் காலத்தில் ஒரு நடிகரின் உடலசைவும் சில துணுக்குகளும் ஒரு நகைச்சுவைப் படத்தைத் தாங்கிவிட்டன. பேச்சு வந்ததும், பேசுவதற்கு ஆட்களும் அவர்கள் பேசுவதற்கு ஒரு காரணமும் தேவைப்பட்டன. இந்தத் தேவையை நிறைவேற்றிய நூற்றுக்கணக்கான பத்திரிகைக் கதைகளுள் ஒன்றுதான், 1933ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத ‘காஸ்மோபாலிட்டன்’ இதழில் வெளிவந்த ‘நைட் பஸ்’. அதிலிருந்து பிறந்த ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ என்னும் படம் 1934இல் வெளிவந்து, அமெரிக்கக் காதல் நகைச்சுவைப் படங்களுக்கு இன்றுவரை இலக்கணமாக நிற்கிறது.

கதையை எழுதிய சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் நகைச்சுவை எழுத்தாளராகப் பெயர் பெற்றவர் அல்லர். 1871இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த அவர், ‘நியூயார்க் சன்’ நாளிதழில் செய்தியாளராகத் தொடங்கி, சமூக ஊழல்களைத் தோண்டியெடுத்து எழுதிய பத்திரிகையாளர் தலைமுறையின் முன்னணியில் நின்றார். 1905இல் ‘காலியர்ஸ்’ இதழில் அவர் எழுதிய ‘மாபெரும் அமெரிக்க மோசடி’ என்னும் தொடர், ‘பேட்டன்ட் மருந்துகள்’ என்ற பெயரில், உள்ளிருக்கும் சரக்கு என்னவென்று சொல்லாமலே சர்வரோக நிவாரணியாக விற்கப்பட்ட புட்டிகளில் சாராயமும் அபினியும் இருப்பதை வெளிப்படுத்தியது. 1906இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய தூய உணவு, மருந்துச் சட்டத்துக்கு அத்தொடர் முக்கியமான தூண்டுகோலாக இருந்தது. பின்னாளில் அவர் நாவல்களும் எழுதினார். துணிச்சலான சிலவற்றுக்கு வார்னர் ஃபேபியன் என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். ‘நைட் பஸ்’ வெளியானபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஊர் ஊராக அலைந்து சாதாரண மக்களின் பேச்சையும் பணமுடையையும் கவனித்த ஒரு செய்தியாளரின் கண் அக்கதையில் இருப்பதை மறந்துவிட்டு, படத்தின் பெருமை முழுவதையும் இயக்குநருக்கே எழுதிவைக்கும் திரைவரலாறுகள் ஆடம்ஸுக்கு நியாயம் செய்யவில்லை.

கதையின் அடித்தளம் எளிமையானது. பெருஞ்செல்வரின் மகளான எல்ஸ்பெத் ஆண்ட்ரூஸ் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஃப்ளோரிடாவிலிருந்து வடக்கே நியூயார்க் நோக்கிச் செல்லும் இரவுப் பேருந்தில் ஏறுகிறாள். பீட்டர் வார்ன் என்னும் இளைஞனின் பக்கத்து இருக்கை அவளுக்கு வாய்க்கிறது. கைப்பணம் கரைய, வழி நீள, இருவருக்கும் இடையே இருந்த எரிச்சல் மெல்ல அன்பாகிறது. இதில் ஆடம்ஸ் செய்த உண்மையான கண்டுபிடிப்பு பேருந்துதான். 1914இல் மினசோட்டா மாநிலத்துச் சுரங்க ஊரான ஹிப்பிங்கில், தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஒற்றை வண்டியோடு தொடங்கிய ஒரு சிறு தொழில், 1930க்குள் ‘கிரேஹவுண்ட்’ என்ற பெயரில் நாடு முழுவதும் ஓடும் நிறுவனமாக வளர்ந்திருந்தது. ரயிலில் முதல் வகுப்பு, தூங்கும் பெட்டி, உணவுப் பெட்டி என்று பணத்துக்கேற்ற தடுப்புகள் இருந்தன. பேருந்தில் அவை இல்லை. யாரும் யார் பக்கத்திலும் உட்கார வேண்டியிருந்தது. செல்வர் மகளையும் வேலையற்றவனையும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார வைப்பதற்கு வேறெந்தச் சூழ்ச்சியும் தேவைப்படாத இடம் அது. பெருமந்தம் உச்சத்தில் இருந்த 1933ஆம் ஆண்டில், தொழிலாளர்களில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்த நாட்டில், மலிவான பேருந்துப் பயணம் என்பது வாசகர்களில் பெரும்பாலோருக்குக் கற்பனையே தேவைப்படாத அனுபவமாகவும் இருந்தது.

கதையைப் படமாக்கிய கொலம்பியா நிறுவனமும் ஹாலிவுட்டின் பெரிய வீட்டுப் பிள்ளை அன்று. மெட்ரோ கோல்ட்வின் மேயர், பாரமவுண்ட் போன்ற நிறுவனங்கள் சொந்தமாகத் திரையரங்குகளையும் நட்சத்திரங்களையும் வைத்திருந்த காலத்தில், ‘வறுமைவரிசை’ என்று தொழிலில் அழைக்கப்பட்ட சிறு ஸ்டூடியோக்களின் தெருவிலிருந்து ஹாரி கோன் என்பவரின் பிடிவாதத்தால் எழுந்து வந்த நிறுவனம் அது. திரையரங்குகள் இல்லை, நட்சத்திரங்கள் மிகச் சிலரே. ஆகவே கதையும் எழுத்தும் கொலம்பியாவுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டியிருந்தன. சிசிலித் தீவில் 1897இல் பிறந்து ஆறு வயதில் அமெரிக்கா வந்த ஃபிராங்க் காப்ரா அந்நிறுவனத்தின் முதன்மை இயக்குநராக இருந்தார். நியூயார்க் நாடக உலகிலிருந்து வந்த ராபர்ட் ரிஸ்கின் அவருக்கு வாய்த்த எழுத்தாளர். இவ்விருவரும் டேமன் ரன்யன் எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து ‘லேடி ஃபார் எ டே’ என்னும் படத்தை 1933இல் உருவாக்கியிருந்தார்கள். பத்திரிகைக் கதையைப் பிரித்து மறுபடி கட்டும் வேலை அவர்களுக்குப் புதிதன்று.

1971இல் வெளிவந்த தமது தன்வரலாற்று நூலில், பாம் ஸ்பிரிங்ஸ் ஊரின் முடிதிருத்தும் கடையில் காத்திருந்தபோது கையில் கிடைத்த பத்திரிகையில் அக்கதையைப் படித்ததாகக் காப்ரா எழுதியிருக்கிறார். கொலம்பியா அதன் உரிமையை 5,000 டாலருக்கு வாங்கியது. அதன்பின் நடந்தது சோர்வான காலம்: திரைக்கதை எழுதப்பட்டது, நடிகர்களிடம் கொண்டுசெல்லப்பட்டது, ஒருவர் பின் ஒருவராக மறுத்தார்கள். மர்னா லாய், மார்கரெட் சல்லவன், மிரியம் ஹாப்கின்ஸ் முதலிய நடிகையர் மறுத்தவர்களுள் அடங்குவர். நாயகன் வேடத்தை ராபர்ட் மான்ட்கோமரி ஒதுக்கினார். பேருந்தில் நடக்கும் கதைகளைக் கொண்ட வேறு படங்களும் அதே காலத்தில் தயாராகிக்கொண்டிருந்ததால், ‘பஸ்’ என்ற சொல்லே தலைப்பில் இருக்கக் கூடாது என்று கோன் கருதினார், தலைப்பு மாறியது. ஆனால் நடிகர்களின் மறுப்புக்குக் காரணம் தலைப்பு அன்று.

காரணத்தைக் கண்டவர், காப்ராவின் நண்பரும் எழுத்தாளருமான மைல்ஸ் கானலி. காப்ராவின் நினைவுக்குறிப்பின்படி, திரைக்கதையைப் படித்துவிட்டுக் கானலி சொன்னதன் சாரம் இது: நிகழ்ச்சிகள் நன்றாக இருக்கின்றன, ஆட்கள்தாம் சரியில்லை, சும்மாவே அடம்பிடிக்கும் ஒரு பணக்காரப் பெண்ணிடம் பார்ப்பவருக்கு எந்த ஒட்டுதலும் ஏற்படாது, ஆகவே தன் செல்வச் சிறையில் சலித்துப்போனவளாக அவளைக் காட்ட வேண்டும், நாயகனும் நீள முடி வளர்த்த ஓவியனாக இருந்தால் யாருக்கும் அவனைத் தெரியாது, எனவே எல்லாருக்கும் தெரிந்த ஒருவனாக, முதலாளியோடு சண்டையிட்டு வேலையை இழந்த முரட்டுப் பத்திரிகைச் செய்தியாளனாக அவனை மாற்ற வேண்டும். இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அச்சான கதையில் பீட்டர் வார்ன் ஓவியன் அல்லன். கல்லூரியில் படித்து வேதியியல் அறிந்தவன். நாற்பதாண்டுகள் கழித்து எழுதிய காப்ராவின் நினைவு இதில் வழுவியிருக்கலாம், அல்லது இடையில் எழுதப்பட்ட ஒரு படியில் அவன் ஓவியனாக இருந்திருக்கலாம். எப்படியாயினும், வேதியியல் இளைஞன் செய்தியாளனாக மாறிய அந்த ஒரே மாற்றத்தில்தான் தழுவலின் வெற்றி முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதைப் படத்தின் அமைப்பைப் பிரித்துப் பார்ப்பவர் எவரும் காண முடியும்.

முதலில் தொடக்கம். ஆடம்ஸின் கதை பேருந்து நிலையத்தில், புறப்படவிருக்கும் வண்டியை அறிவிக்கும் குரலோடு தொடங்குகிறது. வாசகர் நேராகப் பயணத்துக்குள் இறங்கிவிடுகிறார். படமோ மயாமித் துறைமுகத்தில் நிற்கும் ஒரு சொகுசுப் படகில் தொடங்குகிறது. எல்ஸ்பெத் இப்போது எல்லி ஆகியிருக்கிறாள்; கிங் வெஸ்ட்லி என்னும் விமானியைத் தந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருக்கிறாள்; அத்திருமணத்தைச் செல்லாததாக்க முயலும் தந்தை அவளைப் படகில் அடைத்து வைத்திருக்க, அவள் உண்ணாமல் அடம்பிடித்து, தட்டைத் தள்ளிவிட்டு, கடலில் குதித்து நீந்தித் தப்புகிறாள். சில நிமிடமே ஓடும் இக்காட்சி, கானலி கேட்ட மாற்றத்தை ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் நிறைவேற்றிவிடுகிறது. அவள் தான்தோன்றியானவள்தான், ஆனால் அடைபட்டிருப்பவள். அத்துடன், உணவை உதறித் தள்ளியவளை வழிநெடுகப் பசியோடு நடத்திச் சென்று, வயலில் பிடுங்கிய பச்சைக் கேரட்டைத் தின்ன வைப்பது வரையிலான ஒரு நெடிய இழையும் இங்கேயே முடிச்சிடப்படுகிறது.

நாயகனின் அறிமுகம் பேருந்து நிலையத் தொலைபேசியில் நிகழ்கிறது. குடித்திருக்கும் பீட்டர் தன் ஆசிரியரோடு சண்டையிடுகிறான். வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொல்லி ஆசிரியர் தொடர்பைத் துண்டித்துவிடுகிறார். சுற்றி நிற்கும் நண்பர்கள் கேட்டுக்கொண்டிருப்பதால், பீட்டர் துண்டிக்கப்பட்ட தொலைபேசியில் தானே வேலையை உதறுவதாக வீரவசனம் பேசி முடிக்கிறான். வேலை போனவனின் மானத்தைக் காப்பாற்றும் இந்தச் சிறு நாடகத்தை 1934ஆம் ஆண்டுப் பார்வையாளர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. ரிஸ்கினின் எழுத்தில் உள்ள கருணை இதில்தான் தெரிகிறது: சிரிப்பு பீட்டரின் பாசாங்கைப் பார்த்து எழுகிறது, அவனுடைய இழப்பைப் பார்த்து எழுவதில்லை.

அவன் செய்தியாளனாக இருப்பதால் நடுப்பகுதியில் ஒரு புதிய இறுக்கம் பிறக்கிறது. காணாமற்போன செல்வர் மகள் நாடெங்கும் தலைப்புச் செய்தி. அச்செய்தி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அவளைக் கணவனிடம் கொண்டு சேர்ப்பதாக அவன் ஒப்புக்கொள்வது, இழந்த வேலையை மீட்டுத்தரும் ஒரு செய்திக்காகவே. இப்படி ஒருவருக்கொருவர் பயன்படுகிற, நம்பிக்கையற்ற ஒப்பந்தத்திலிருந்து காதல் வளரும்போது, ஒவ்வொரு கனிவான சொல்லுக்குப் பின்னாலும் ஓர் ஐயம் நிற்கிறது. வேதியியல் அறிந்தவனுக்கு அவளிடமிருந்து பெற எதுவும் இல்லை, செய்தியாளனுக்கு இருக்கிறது.

மிகுந்த பயனை அந்த மாற்றம் தருவது மூன்றாம் பகுதியில். சாலையோரத் தங்குமிடத்தில் இரவில் எல்லி தன் காதலை ஒப்புக்கொள்கிறாள். பீட்டர் அப்போது விலகிப் பேசினாலும், அவள் உறங்கிய பின் எழுந்து, வழியில் கைக்கு வந்திருந்த காரை ஓட்டிக்கொண்டு நியூயார்க் விரைகிறான், ஏனெனில் அவளை மணந்துகொள்ளக் கேட்பதற்குக் கையில் ஒரு காசும் இல்லாமல் நிற்க அவன் மனம் ஒப்பவில்லை. தங்கள் கதையையே எழுதி ஆசிரியரிடம் 1,000 டாலருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறான். இதற்குள் கார் இல்லாததைக் கண்ட தங்குமிடத்தார் எல்லியை எழுப்பி வெளியே அனுப்ப, கைவிடப்பட்டதாக நம்பி அவள் தந்தையைத் தொலைபேசியில் அழைக்கிறாள். இருவரும் எதிரெதிர்த் திசையில் சாலையில் கடந்துபோகிறார்கள். காதல் நகைச்சுவைப் படங்களில் கடைசிப் பிரிவு பெரும்பாலும் செயற்கையாக ஒட்டவைத்ததாகவே தோன்றும். இங்கே அது நாயகனின் தொழில், அவனுடைய மானம், அவனுடைய வறுமை ஆகிய மூன்றிலிருந்தும் இயல்பாக விளைகிறது. படத்தின் முடிவில், அவளைக் கண்டுபிடிப்பவருக்கென்று அறிவிக்கப்பட்ட பத்தாயிரம் டாலர் பரிசை ஏற்க மறுத்து, தான் செலவழித்த 39 டாலர் 60 சென்டை மட்டும் கணக்குக் காட்டிக் கேட்கும் அவனைப் பார்த்த பிறகே எல்லியின் தந்தை அவனை மதிக்கத் தொடங்குகிறார். பணமே பேச்சாக இருந்த ஒரு காலத்தில், காதலின் அளவுகோலாகவும் ஒரு செலவுக் கணக்கை வைத்தது துணிச்சலான தேர்வு.

அச்சில் உள்ள கதை பாத்திரங்களின் மனத்துக்குள் எழுத்தாளர் கைப்பிடித்து அழைத்துச் செல்ல இடம் கொடுக்கிறது. திரை அதை மறுக்கிறது. இந்தக் குறையை ரிஸ்கினும் காப்ராவும் செயல்களால் ஈடுசெய்தார்கள். வட்ட ரொட்டியான டோனட்டைக் காப்பியில் எப்படி முக்கி எடுக்க வேண்டும் என்று பீட்டர் அவளுக்குப் பாடம் நடத்துவதும், ஓடையைக் கடக்க அவளைத் தோளில் தூக்கிச் செல்லும்போது தோளில் சுமப்பதற்கு இலக்கணம் பேசிச் சண்டையிடுவதும், வர்க்க வேறுபாட்டைப் பற்றிய விவாதங்கள்தாம். ஆனால் எந்த ஒரு பாத்திரமும் அதை அவ்வாறு சொல்வதில்லை. வழிப்போக்கர் காரை நிறுத்தும் காட்சி இதன் உச்சம். கட்டைவிரலை உயர்த்தி வண்டியை நிறுத்துவதற்கு எத்தனை முறைகள் உண்டு என்று பீட்டர் விரிவுரை நிகழ்த்துகிறான், வண்டிகள் ஒன்றும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கின்றன. எல்லி எழுந்துபோய்ப் பாவாடையைச் சிறிது உயர்த்துகிறாள், முதல் வண்டியே நின்றுவிடுகிறது. அதுவரை கற்பிப்பவன் அவன், கற்பவள் அவள் என்றிருந்த உறவு ஒரே கணத்தில் புரண்டுவிடுகிறது.

பேருந்துக்குள் இருக்கும் மற்றப் பயணிகளையும் படம் பின்னணிப் பொம்மைகளாக விட்டுவிடவில்லை. இரவில் ஒருவர் பாடத் தொடங்க, அடுத்தடுத்த அடியை வெவ்வேறு பயணிகள் எடுத்துப் பாடி, ஓட்டுநரும் சேர்ந்துகொண்டு வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிடும் காட்சி, கதையோட்டத்துக்கு அவசியமானதன்று. ஆனால் அதைத் தொடர்ந்து, பசியால் மயங்கி விழும் ஒரு தாயும் அழும் அவளுடைய சிறுமகனும் காட்டப்படுவதால், அந்தப் பாட்டு வறியவர்களின் தற்காலிகக் கொண்டாட்டம் என்பது புரிகிறது. கையில் கடைசியாக இருந்த பணத்தை அச்சிறுவனுக்குக் கொடுத்துவிடும் செயலின் பின்னரே இருவரும் உண்மையான வறுமைக்குள் நுழைகிறார்கள். நகைச்சுவைப் படத்துக்குள் பசியைக் கொண்டுவந்த இந்த இடத்தில் காப்ராவின் கை தெளிவாகத் தெரிகிறது. பின்னாளில் அவருடைய படங்களில் பெருகிய மக்கள் கூட்டத்தின் முதல் அழகிய வடிவம் இதுவே. அதேபோல, எல்லியை அடையாளம் கண்டுகொண்டு பரிசுப்பணத்தில் பங்கு கேட்கும் ஷேப்லி என்னும் பயணியைப் பீட்டர் ஆள்கடத்தும் கும்பலைச் சேர்ந்தவன்போல நடித்து விரட்டும் காட்சியும் காலத்தோடு பிணைந்தது. 1932 மார்ச் மாதம் விமானி லிண்ட்பர்கின் குழந்தை கடத்தப்பட்டு நாடே அதிர்ந்திருந்த நிலையில், ‘கடத்தல்’ என்ற சொல் ஷேப்லி போன்ற ஒரு விற்பனைப் பிரதிநிதியைக் காட்டுக்குள் ஓட வைப்பதற்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு கட்டில்களுக்கு இடையே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, விவிலியத்தில் எக்காள ஒலியால் இடிந்து விழும் ‘எரிகோ மதில்’ என்று அதற்குப் பெயர் சூட்டும் காட்சி, திரைப்பட வரலாற்றில் மிகுதியாகப் பேசப்பட்டது. ஆட்டோ கேம்ப் எனப்பட்ட, காரில் பயணிப்போருக்காக நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாகக் கட்டப்பட்ட சிறு அறைகளில், ஒருவரையொருவர் மணக்காத இருவர் கணவன் மனைவி என்று பதிந்து ஒரே அறையில் தங்குவது தணிக்கைக்குத் தொல்லை தரக்கூடிய பொருள்தான். ஆயினும் தயாரிப்பு நெறிமுறை என்று வழங்கிய ஹாலிவுட்டின் சுயதணிக்கை விதிகள் கண்டிப்போடு நடைமுறைக்கு வந்தது 1934 ஜூலையில். படம் பிப்ரவரியிலேயே வெளிவந்துவிட்டது. ஆனால் அதன் கண்ணியம் சட்டத்துக்கு அஞ்சியதால் வந்ததாகத் தோன்றவில்லை. இருவரையும் பிரிக்கும் அப்போர்வையே அவர்களுடைய நெருக்கத்தைப் பேசும் கருவியாகிறது: அதற்கு இரு புறமும் படுத்தபடி இருட்டில் பேசும் காட்சிகளில், ஒளிப்பதிவாளர் ஜோசப் வாக்கர் மழைநீர் வழியும் சன்னலின் வெளிச்சத்தை மட்டும் முகங்களில் விழ விட்டு, ஆரவாரமான படத்துக்குள் ஆழ்ந்த அமைதியை உண்டாக்கினார். கடைசியில் பொம்மை எக்காளம் ஒலித்துப் போர்வை விழும்போது நாயகனும் நாயகியும் திரையில் காட்டப்படுவதேயில்லை.

எழுதி முடித்த பிறகும் நடிகர்கள் கிடைத்தது எதிர்பாராத வழியில். மெட்ரோ நிறுவனம் கிளார்க் கேபிளைக் கொலம்பியாவுக்குக் கடனாகக் கொடுத்தது. அடங்காத நடிகருக்கு அளிக்கப்பட்ட தண்டனை அது என்று பிற்காலத்தில் சொல்லப்பட்டது. ஊமைப்படக் காலத்தில், 1927இல், காப்ராவின் இயக்கத்தில் நடித்துக் கசப்போடு பிரிந்திருந்த கிளாடெட் கோல்பெர்ட், வழக்கமான ஊதியத்தைப் போல இரு மடங்காக 50,000 டாலர் தர வேண்டும், நான்கு வாரங்களுக்குள் தம்மை விடுவிக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளோடு இசைந்தார். அவசரமும் சிக்கனமும் படத்துக்கு நன்மையே செய்தன. ஆடம்பர அரங்குகள் கட்ட வழியில்லாததால் உண்மையான சாலைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் படமெடுக்கப்பட்டது; ஒத்திகைக்கு நேரமில்லாததால் பேச்சு வாழ்க்கையில் நிகழ்வதுபோல் வேகமாகவும் குறுக்கிட்டும் அமைந்தது. படப்பிடிப்பு முடிந்ததும் கோல்பெர்ட் மிக மோசமான படமொன்றை முடித்துவிட்டதாக நண்பர்களிடம் குறைபட்டதாகக் கூறப்படுகிறது.

1934 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் வெளியான படம் அங்கே பெரும் பரபரப்பை எழுப்பவில்லை. அது வளர்ந்தது சிற்றூர்களின் இரண்டாம் சுற்றுத் திரையரங்குகளில். பேருந்தையும் சாலையோர அறைகளையும் எண்ணிச் செலவழிக்கும் காசையும் அறிந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். அவர்கள் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். 1935 பிப்ரவரி 27 அன்று நடந்த ஏழாவது அகாடமி விருது விழாவில் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, தழுவல் எழுத்து ஆகிய ஐந்து பெரிய விருதுகளும் ஒரே படத்துக்குப் போயின. அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. ‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’ படம் வரும் வரை, ஏறத்தாழ நாற்பதாண்டுகள், வேறெந்தப் படமும் அதை எட்டவில்லை. வெற்றியை எதிர்பாராத கோல்பெர்ட் ரயிலேறப் போயிருந்ததால், பயண உடையிலேயே அழைத்துவரப்பட்டு விருதைப் பெற்றுக்கொண்டார். தழுவலுக்கான விருது ரிஸ்கினுக்குக் கிடைத்தது. ஆனால் பொதுமக்கள் நினைவில் நின்ற பெயர் காப்ராவுடையது மட்டுமே. ஒரு கதையின் ஆட்களை மாற்றியமைத்து, அவர்களுக்கு ஒரு பேச்சுநடையைக் கொடுத்து, ஒவ்வொரு சிரிப்புக்கும் பின்னால் ஒரு தேவையை வைத்த எழுத்தாளர் இயக்குநரின் நிழலில் மறைந்துபோனது, திரைப்பட வரலாறு இன்னும் முழுமையாகச் சரிசெய்யாத ஓர் அநீதி.

படத்தின் வெற்றி பத்திரிகைக் கதைகளுக்கு இருந்த மதிப்பை உயர்த்தியது. காப்ராவும் ரிஸ்கினும் 1936இல் ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ படத்துக்குக் கிளாரன்ஸ் படிங்டன் கெலண்டின் பத்திரிகைத் தொடர்கதையை எடுத்தார்கள். 1937இல் ‘காலியர்ஸ்’ இதழில் ஹேகர் வைல்ட் எழுதிய சிறுகதை அடுத்த ஆண்டே ஹோவர்ட் ஹாக்ஸின் ‘பிரிங்கிங் அப் பேபி’ ஆனது. ஒழுங்கான வாழ்க்கையைத் தலைகீழாக்கும் பெண்ணும் அவளோடு ஈடுகொடுக்கத் திணறும் ஆணும் வேகமான சொல்லாடலில் மோதிக்கொள்ளும் இவ்வகைப் படங்களுக்கு ‘ஸ்க்ரூபால்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று; பேஸ்பால் ஆட்டத்தில் வழக்கத்துக்கு மாறான திசையில் சுழன்று திரும்பும் பந்தைக் குறிக்கும் சொல் அது. ஆடம்ஸ் 1958 வரை வாழ்ந்து தொடர்ந்து எழுதினார். அவருடைய ‘தி ஹார்வி கேர்ள்ஸ்’ என்னும் நாவல் 1946இல் ஜூடி கார்லண்ட் நடித்த இசைப்படமாயிற்று.

‘நைட் பஸ்’ கதையைக் கொலம்பியா நிறுவனமே 1956இல் ‘யூ காண்ட் ரன் அவே ஃப்ரம் இட்’ என்ற பெயரில் இசைப்படமாக மறுபடி எடுத்தது. அதே 1956இல் சென்னையின் ஏவி.எம். நிறுவனம், அனந்த் தாக்கூர் இயக்கத்தில், ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்த ‘சோரி சோரி’ என்னும் இந்திப் படத்தை உருவாக்கியது. மயாமியிலிருந்து நியூயார்க் செல்லும் சாலை இந்தியச் சாலையானது, பேருந்துப் பாட்டு சங்கர் ஜெய்கிஷன் இசையில் முழுப் பாடல்களாக விரிந்தது. 1966இல் கே. சங்கர் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நடித்து வெளிவந்த ‘சந்திரோதயம்’ படத்திலும், வீட்டைவிட்டு ஓடிவரும் செல்வர் மகளையும் அவளுக்குத் துணை நிற்கும் பத்திரிகையாளனையும் காணலாம்; ஆனால் தமிழ்ப்படம் அந்தச் சந்திப்பைப் பத்திரிகை அறம் பற்றிய வேறொரு கதைக்குத் திறவுகோலாக வைத்துக்கொண்டது. 1991இல் மகேஷ் பட் இயக்கிய ‘தில் ஹை கி மான்தா நஹீன்’ மீண்டும் அதே பயணத்தை மேற்கொள்ள, 2000ஆம் ஆண்டில் அது ‘காதல் ரோஜாவே’ என்று தமிழுக்கு வந்தது. நாடும் மொழியும் பாட்டும் மாறிய இந்தப் படங்களில் நாயகன் பெரும்பாலும் செய்தியாளனாகவே தொடர்ந்தான். 1933 ஆகஸ்டில் அச்சேறிய அந்த வேதியியல் இளைஞனைத் தேடி எவரும் மூலக்கதைக்குத் திரும்பிச் செல்லவில்லை.